விண்ணப்பக் கோவையை யார், எப்போது வாசிக்கிறார்கள்?

கேள்வி: உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். முழு நிதியுதவி கேட்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். இறுதித் திகதி ஜனவரித் தொடக்கம். ஒக்டோபரிலேயே அனுப்பினால் முதலில் வாசிப்பார்களா?
— மாணவி, மண்டூர்

பதில்: வாசிக்கமாட்டார்கள், மகளே. இறுதித் திகதி குறித்திருக்கும் கல்லூரிகளில் முந்தி வந்ததற்கென்று தனிச் சலுகை கிடையாது. உங்கள் படிவம், பாடசாலையின் பெறுபேற்று அறிக்கை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் யாவும் வந்து கோவை நிறைவடைந்த பின்னரே அனுமதி அலுவலர் அதைத் திறப்பார். நவம்பர் 1ஆம் திகதியளவில் முடியும் முற்கூட்டிய விண்ணப்பச் சுற்றுக்கு டிசம்பர் நடுப்பகுதியிலும், ஜனவரியில் முடியும் வழமையான சுற்றுக்கு மார்ச் இறுதியளவிலும் முடிவு வரும் என்பதால், உங்கள் கோவை பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் வாசிக்கப்படும். வந்த வரிசையிலேயே பார்த்து இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களும் அங்கு உண்டு. அவற்றுக்கு மட்டும் முந்துவது பயன் தரும்.

நமது இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளையின் வீட்டு நிலைமையை எவரும் வாசித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவிலோ பல கல்லூரிகள் விண்ணப்பங்களைப் பிராந்தியவாரியாகப் பிரித்துக் கொடுப்பதால், கொழும்புப் பிள்ளையின் கோவையை வாசிக்கும் அதே அலுவலரே உங்களுடையதையும் வாசிப்பார். முதல் வாசிப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களே கிடைக்கும். அவர் எழுதும் குறிப்பு, இரண்டாம் வாசகரிடமும் பின்னர் குழுவிடமும் செல்லும்.

அந்தச் சில நிமிடங்களில் அவர் அறிய விரும்புவது, கிடைத்த வாய்ப்பை வைத்து இந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்பதையே. அதற்காகத்தான் பாடசாலை விபரம் என்றொரு தாளைக் கேட்கிறார்கள். கணிதப் பிரிவில் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரைப் பாடசாலைகள் பலவற்றில் அப்படியொரு தாளை இதுவரை எவரும் தயாரித்திருக்கமாட்டார்கள் என்பதே என் கவலை. அதிபரிடம் இப்போதே கேளுங்கள். ஒரு பக்கம் போதும்.

பரிந்துரைக் கடிதமும் அப்படியே. “ஒழுக்கமான, கெட்டிக்கார மாணவி” என்ற வரி எல்லாக் கோவைகளிலும் இருக்கும். “பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத இரண்டு தவணைகளிலும் குருமண்வெளிப் பாதையில் வாவியைக் கடந்து வகுப்புக்குப் போய், படித்ததை மறுநாள் கரும்பலகையில் மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினாள்” என்று ஆசிரியர் எழுதினால், வாசிப்பவரின் கை அந்த இடத்தில் நிற்கும். நடந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒக்டோபர் மாதத்தை இந்தத் தாள்களுக்குச் செலவிடுங்கள். தமிழில் உள்ள தவணை அறிக்கைகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடிதம் கோரும் அழைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே போகும். அவர் அதைத் திறந்தாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

நிதியுதவி பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அமர்ஸ்ட் போன்ற சில இடங்களே வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பாராமல் முடிவெடுக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்கும்.

கேள்வி: முற்கூட்டிய சுற்றில் விண்ணப்பித்த என் மகனுக்கு, முடிவை ஒத்திவைத்துள்ளதாகப் பதில் வந்துள்ளது. இது நிராகரிப்பா?
— தந்தை, அக்கரைப்பற்று

பதில்: இல்லை ஐயா. வழமையான சுற்றில் அவருடைய கோவையை மற்றவற்றுடன் மீண்டும் பார்ப்பார்கள். டிசம்பருக்குப் பின் வந்த தவணைப் புள்ளிகளையும், கல்லூரி அனுமதித்தால் சுருக்கமான கடிதமொன்றையும் ஜனவரியில் அனுப்பட்டும். மார்ச் வரை காத்திருக்கும்போதே வேறு கல்லூரிகளுக்கும் அவர் விண்ணப்பிக்க வேண்டும்.