இடிக்கப் போகும் வீட்டை முப்பரிமாணத்தில் பிடித்துவைப்பது: கேள்வி பதில்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டை இடிக்குமுன் படமெடுத்து, கணினியில் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி செய்ததைப் போன வாரம் காட்டியிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் தாத்தா வீட்டைத் தை மாசம் இடிக்கிறார்கள். வெறும் போன் போதுமா?

போதும் தம்பி. ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதே. முதல் தடவை முற்றத்தின் நடுவில் நின்று, நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி 200 படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. ஒரு தூணை இரண்டு வேறு இடங்களிலிருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட முடியும். நம் இரண்டு கண்களும் செய்கிற வேலை அதுதான். ஆகவே சுவரோரமாக நடந்துகொண்டே, அடிக்கு ஒரு படமாக எடு. ஒரு படத்தில் தெரிவதில் முக்கால்வாசி அடுத்ததிலும் தெரியட்டும். வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும். மேகமூட்டமான நாள் நல்லது.

அப்புறம், திண்ணையில் ஒரு மீட்டர் கோலை வைத்துவிடு. படத்தை மட்டும் பார்க்கிற கணினிக்குப் பொம்மை வீடும் நிஜ வீடும் ஒன்றுதான்.

படங்களை முப்பரிமாணக் காட்சியாக்க நெர்ஃப், காசியன் ஸ்பிளாட்டிங் என்று இரண்டு முறைகள் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்? (பாளையங்கோட்டை மாணவி)

இரண்டுக்கும் முதல் படி பொதுவாக ஒன்றுதான்: எந்தப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது. அதற்கு கோல்மேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2020-இல் வந்த நெர்ஃப், 'இந்தப் புள்ளியை இந்தத் திசையிலிருந்து பார்த்தால் என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நரம்பு வலையை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலை, பழக்குகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஏராளமான தடவை அதைக் கேட்க வேண்டும் என்பதால் மெதுவாக ஓடும். 2023-இல் வந்த காசியன் ஸ்பிளாட்டிங்கில் இடத்தை லட்சக்கணக்கான மங்கலான நிறத் திட்டுகளாக வைக்கிறார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் இடம், வடிவம், நிறம், ஒளி ஊடுருவும் அளவு உண்டு. திரையில் அப்பினால் போதும், வினாடிக்கு 30 காட்சிக்கு மேல் ஓடும். ஆச்சி வீட்டுக்கு இதைத்தான் வைத்தேன்.

பித்தளைக் குத்துவிளக்கையும் இப்படிப் பிடிக்க முடியுமா?

கஷ்டம். பளபளப்பு பார்க்கிற இடத்துக்கு ஏற்ப மாறுவதால் ஒரு படத்தில் உள்ள புள்ளி அடுத்த படத்தில் பொருந்தாது. ஆற்றுத் தண்ணீரும் அப்படியே.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளை இப்படிப் பதிந்து, தெரியாத பாகத்தை ஏஐயிடம் விட்டு நிரப்பலாமா?

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் குறவன் அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் தூணை நினைத்துப் பாருங்கள். உடலுக்கும் கைக்கும் நடுவே கல்லைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். அந்தச் சந்துக்குள் கேமரா எட்டாது. அங்கே ஏஐ நிரப்புவது, அது முன்பு பார்த்த வேறு ஆயிரம் உருவங்களின் சாயலை. நம் சிற்பியின் உளியை அல்ல. 2022-இல் வந்த ட்ரீம்ஃப்யூஷன் போன்ற ஏஐ முறைகளில் எழுத்தில் விவரித்து முப்பரிமாண உருவம் கேட்டால், முன்னாலும் பின்னாலும் முகம் முளைப்பது தெரிந்த குறை. முகம் தெரிகிற படங்களையே அதிகம் பார்த்துப் பழகியதன் விளைவு. விளையாட்டுக்கு, சினிமாவுக்குச் சரி. கோயில் பதிவில் தெரியாத இடம் ஓட்டையாகவே இருக்கட்டும். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் வேறு நிறத்தில் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் மூலப் படங்களை அழிக்கலாமா?

அழிக்கவே அழிக்காதீர்கள். ஆச்சி வீட்டுப் படங்கள் நான் 2018-இல் எடுத்தவை. அப்போது கிடைத்தது ஓட்டை விழுந்த ஒரு கூடுதான். அதே படங்களைப் போன வருஷம் புது முறையில் ஓட்டினேன். அடுக்களைச் சுவரில் ஆச்சி கரிக்கட்டியால் எழுதிய பால் கணக்குத் தெரிந்தது.