நோன்பு வீட்டில் தொற்றிய சளி

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: “பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கப் பங்காளிகள் எல்லாரும் கூடினோம். அதன்பின் நான்கு வயது மூத்தவனுக்கு மூக்கு ஒழுகியது. இரண்டே நாளில் ஓடியாடினான். நான்கு மாதக் கைக்குழந்தைக்கோ மூச்சு இளைப்பு. எதிர்ப்புச் சக்தி போதவில்லை, டானிக் கொடு என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?”

முதலில் ஒரு வேலை. குழந்தை தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காவிட்டாலோ, மீதியைப் படிக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

டானிக் வேண்டாம். குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. இப்படி இளைக்க வைப்பது பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். மூத்தவன் உடல் அதை முன்பே பார்த்திருக்கும். சின்னவனுக்கு இதுவே முதல் முறை என்றால், அந்த வைரஸைப் பிடித்து முடக்கும் பொருத்தமான எதிர்ப்பொருளைப் (ஆன்டிபாடி) புதிதாக உண்டாக்க நாள் பிடிக்கும். அதுவரை கைகொடுப்பது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாக நீங்கள் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள் சீர்தான். அதுவும் மாதாமாதம் கரைந்து, ஆறு மாதத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இளைப்புக்கு இன்னொரு காரணம், மூச்சுக்குழாய்களின் அளவு. வைரஸ் தாக்கிய செல்கள் உதிர்கின்றன. அவற்றோடு சளியும் வீக்கமும் சேர்ந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. ஒரு குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. அதே வீக்கம், குழாய்கள் அகலமான உங்கள் நெஞ்சில் வெறும் இருமல்.

சளி பிடித்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை இளைப்பு கூடித்தான் பிறகு தணியும். இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். இந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்; அதிலுள்ள எதிர்ப்பொருள் தொண்டையின் உட்பரப்பில் படிந்து காக்கும்.

மாமியாரிடம் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: கற்பூரம் கலந்த எண்ணெய், சாம்பிராணிப் புகை, நாக்கில் தேன், மூன்றும் கூடாது. சண்டை வந்தால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.