சமவாய்ப்பு என்றால் எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பா?

இல்லை. நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'ரேண்டம்' என்பதற்குச் 'சமவாய்ப்பு' என்று போட்டிருப்பதால் வரும் குழப்பம் இது. சொல் அழகுதான், ஆனால் கொஞ்சம் ஏமாற்றும்.

ஆறு முகமுள்ள இரண்டு பகடைகளை உருட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 7 வர 36க்கு 6 வழி. 12 வர ஒரே வழி. வாய்ப்புகள் சமமே இல்லை, ஆனாலும் இது சமவாய்ப்புச் சோதனைதான். அடுத்து என்ன விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எது எத்தனை முறை விழும் என்பதற்கு நீண்ட ஓட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குதான் நிகழ்தகவு.

பேச்சு வழக்கில் 'ரேண்டமா ஒண்ணு எடு' என்றால் பொருள் வேறு: யோசிக்காமல், ஏனோதானோவென்று. அப்புறம், கலைந்து கிடந்தால்தான் ரேண்டம் என்று ஒரு நினைப்பும் நமக்கு உண்டு. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் 1,024 வரிசைகள் வரலாம். அவற்றில் 846 வரிசைகளில் தொடர்ந்து மூன்று தலையோ மூன்று பூவோ எங்காவது இருக்கும்! நாணயம் இல்லாமல் ரேண்டமாக ஒரு வரிசையைக் கையால் எழுதச் சொன்னால், பலர் அப்படித் தொடர்ந்து வருவதைத் தவிர்த்துவிடுவார்கள்.

ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடில் (iPod) ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறார், பாடல்களைக் கலைத்துப் போடும் குலுக்கல் (shuffle) சரியில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். ஆப்பிள் 2005ல் தன் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸில் அப்படி வருவதைக் குறைத்துக்கொள்ள ஒரு வசதி வைத்தது. ரேண்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ரேண்டம் தன்மையைக் குறைத்தார்கள்.