ஜிப்சம் போர்டு சுவரில் அலமாரி மாட்டினால் தாங்குமா?

அடுக்குமாடி வீட்டில் ஹாலைத் தடுத்து ஓர் அறை எடுக்கலாமா, ஜிப்சம் போர்டு சுவர் அலமாரியைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் பதில் எழுதிய இருவர் இதை "அட்டைச் சுவர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தபின் பேசாமல் போக மனம் வரவில்லை.

சென்னையில் 14 ஆண்டுகளாக ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலை எடுத்துச் செய்கிறேன். பொறியாளர் அல்லன். எந்த கம்பெனியிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு இதை எழுதவில்லை. அப்படி யாராவது தொடங்குவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மூன்றாவது, நான்காவது மாடியில் இருப்பீர்கள்; வீட்டுப் பெரியவர் ஒருவர் செங்கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார். அவரிடம் எடையைச் சொல்லுங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சோடு, சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தின் இருபுறமும் 12.5 மி.மீ. போர்டு அடித்த சுவர் சுமார் 25 கிலோ. கீழே பீம் இல்லாவிட்டால் அந்தச் செங்கல் பாரம் நேராக ஸ்லாப்பின் தலையில்தான் இறங்கும்.

அட்டை என்கிறார்களே, கை முறிந்தால் போடும் மாவுக்கட்டும் இதே சரக்குதான். டீலர் ஒருமுறை எங்களை ஆலைக்கு அழைத்துப் போனார். ஜிப்சம் என்ற கனிமத்தைப் பொடித்து 150 டிகிரி அளவில் வறுக்கிறார்கள். படிகத்துக்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதைத் தண்ணீரும் நுரையும் சேர்த்து இட்லி மாவுப் பதத்தில், ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தின் மேல் ஊற்றுகிறார்கள். மேலே இன்னொரு காகிதம் வந்து மூடுகிறது. பெல்ட்டில் போகும்போதே சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. வெட்டி, உலர்த்தும் அடுப்புக்குள் அனுப்பினால் போர்டு. வறுத்தபோது போன நீர் மறுபடி படிகத்தில் சேர்வதால்தான் அது கல்லாகிறது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இந்த நீர். தீப்பிடித்தால் அது ஆவியாகித் தீரும்வரை போர்டின் மறுபக்கச் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அட்டைப்பெட்டி இதைச் செய்யுமா?

இனி என் கதை. மகள் பிளஸ் டூ படித்தபோது என் வீட்டு ஹாலையே தடுத்தேன். ஊருக்குச் செய்யும் கவனத்தைச் சொந்த வீட்டில் காட்டவில்லை. இரண்டே நாளில் முடித்தேன். நடுவில் சத்தத்தை அடக்கும் கிளாஸ் வூல்கூட வைக்கவில்லை. மனைவியின் அண்ணன் வந்தார். விரலால் தட்டிப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, பிஸ்கட் பெட்டி மாதிரிச் சத்தம் வருகிறதே" என்றார். அந்த ரோஷத்திலேயே மறுநாள் புத்தக அலமாரியை மாட்டினேன். பின்னால் பிளைவுட் இல்லை, ஸ்டட்டும் (சட்டத்தின் செங்குத்துக் கால்) இல்லை. வெறும் போர்டில் ஸ்க்ரூவை முடுக்கினேன். மூன்றாவது வாரம் இரவு பத்து மணிக்கு வேதியியல் முழுவதும் தரையில். விடிவதற்குள் அவருக்குத் தகவல் போய்விட்டது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

ஒரு பக்கப் போர்டை வெட்டி, ஸ்டட்டுகளுக்கு நடுவே பிளைவுட் கொடுத்து, மூடி, டேப் ஒட்டிப் பட்டி பார்த்து மறுபடி மாட்டினேன். மகள் கல்லூரியே முடித்துவிட்டாள், அலமாரி அசையவில்லை. குற்றம் போர்டின் மேல் இல்லை, என் மேல்தான்.

இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறடிக்கு நாலடி போர்டு ஒன்று 20 கிலோவுக்குப் பக்கம் வரும். பல குடியிருப்புகளில் எங்களுக்கு லிஃப்ட் கிடையாது. வாஷிங் மெஷினுக்கு உண்டு. நாலு மாடி தூக்கிவிட்டு வந்த பையன் கழிப்பறை எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் தெருக்கோடியைக் காட்டுகிறார். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்காகவாவது சங்கத்தில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

போர்டைத் தரையில் முட்டவிடாதீர்கள், 10 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) மறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீடு துடைக்கிற தண்ணீரை உறிஞ்சும். குளியலறைப் பக்கம் ஈரம் தாங்கும் பச்சை நிறப் போர்டு. டிவி, அலமாரி வரும் இடங்களை முன்கூட்டியே சொல்லி பிளைவுட் வைக்கச் செய்யுங்கள். இரண்டாவது பக்கத்தை மூடுவதற்கு முன் ஸ்டட்டும் பிளைவுட்டும் எங்கே என்று தெரிய, அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு செல்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை. ஒரு காலண்டர் மாட்டுவதற்குக்கூடக் ஸ்டட்டைத் தேடிக் காந்தத்தை வைத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.