கணினி கேள்வி–பதில்: சின்ன ‘ஏ’ ஏன் 97?

கேள்வி: எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ 65-இல் தொடங்கி, பெரிய ‘இஸட்’ 90-இல் முடிகிறது. அப்படியானால் சின்ன ‘ஏ’ 91-ஆகத்தானே இருக்க வேண்டும்? நடுவில் ஆறு குறிகளைச் செருகி அதை 97-க்குத் தள்ளியிருக்கிறார்களே, ஏன்?

பதில்: அந்த அட்டவணையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 65, 97 என்று பதின்ம எண்ணாகப் பார்ப்பதால்தான் கோணலாகத் தெரிகிறது. புரோகிராமிங் கற்க வருபவர்களை நான் முதலில் எழுதச் சொல்வது, அதே எண்களை 0, 1 மட்டும் கொண்ட இரும முறையில் காட்டும் இந்த இரண்டு வரிகளைத்தான்:

பெரிய ஏ: 1000001
சின்ன ஏ: 1100001

ஏழு பிட்டில் (0 அல்லது 1 ஆக இருக்கும் ஏழு இலக்கங்களில்) மாறியிருப்பது ஒன்றே ஒன்று, இடமிருந்து இரண்டாவது. அதன் மதிப்பு 32. ‘பி’ 66, 98. ‘இஸட்’ 90, 122. எந்த எழுத்தை எடுத்தாலும் அதே 32. பெரியதைச் சின்னதாக்கக் கூட்டல்கூட வேண்டாம், அந்த ஒரு பிட்டை மாற்றினால் போதும். சின்ன ‘ஏ’ 91-இல் உட்கார்ந்திருந்தால் வித்தியாசம் 26 ஆகி, இந்த வசதி போயிருக்கும். எழுத்துகள் 26, இடம் 32. மிஞ்சிய ஆறில் ஒன்று ‘ஏ’-வுக்கு முன்னால் 64-இல், மற்ற ஐந்து ‘இஸட்’டுக்குப் பின்னால் 91 முதல் 95 வரை. 96-இல் இருப்பது சின்ன எழுத்துக் கூட்டத்தின் முதல் இடம், 64-க்கு ஜோடி.

இப்போது கடைசி ஐந்து பிட்டை மட்டும் பாருங்கள். ‘ஏ’ 00001, ‘பி’ 00010, ‘சி’ 00011. முதல் எழுத்துக்கு 1, இரண்டாவதற்கு 2! வரிசை 64-இல் தொடங்காமல் 65-இல் தொடங்குவதன் அழகு இதுதான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் கண்ட்ரோல் விசையோடு ‘ஏ’-வைத் தட்டினால் போவதும் இதே 1 தான்.

1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் சின்ன எழுத்துகளே கிடையாது. 97 முதல் 122 வரை காலியாக விட்டிருந்தார்கள். 1967 திருத்தத்தில் அவை அங்கே வந்து அமர்ந்தன.

கேள்வி: உலகத்தில் எல்லாக் கணினிக்கும் ‘ஏ’ என்றால் 65 தானா?

பதில்: இல்லை. ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசையில் வந்த எப்சிடிக் என்ற வேறொரு எண் முறையில் பெரிய ‘ஏ’ 193. அதில் ‘ஐ’ 201, அடுத்த எழுத்தான ‘ஜே’ 209. நடுவில் பள்ளம். துளையிட்ட அட்டைகளில் எழுத்துகளை ஒன்பது ஒன்பதாகப் பிரித்துத் துளையிட்ட பழக்கம் அப்படியே எண்ணிலும் இறங்கிவிட்டது.

கேள்வி: ‘ஏ’-வில் தொடங்கும் ஒரு பெயர் என் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் ‘இல்லை’ என்கிறது. எழுத்துரு கோளாறா?

பதில்: எழுத்துருவைச் சந்தேகிக்காதீர்கள். கணினி சேமிப்பது உருவத்தை அல்ல, எண்ணை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் ஆங்கில ‘ஏ’ பழைய 65 தான். ஆனால் அச்சு அசலாக அதே உருவத்தில் கிரேக்க ஆல்பா 913-இலும், ரஷ்ய மொழிக்கான சிரிலிக் எழுத்து 1040-இலும் இருக்கின்றன. (அவற்றிலும் பெரியதற்கும் சின்னதற்கும் வித்தியாசம் 32 என்பதைக் கவனித்தீர்களா!) இந்த எண்களை பைட்டுகளாக, அதாவது எட்டு எட்டு பிட்டாகச் சேமிக்க, 1992-இல் கணினி வல்லுநர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில ‘ஏ’ ஒரே பைட், 65. சிரிலிக் என்றால் 208, 144 என இரண்டு பைட். உங்கள் பட்டியலில் அப்படியொன்று வேறெங்கிருந்தோ ஒட்டும்போது வந்திருக்க வாய்ப்பு அதிகம். போலி இணைய முகவரி தயாரிப்பவர்களும் இந்த ஒற்றுமையைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதால், இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

அந்தப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் நகலெடுத்து, பைத்தான் புரோகிராமிங் மொழியில் எழுத்தின் எண்ணைத் தரும் ‘ஆர்ட்’ கட்டளைக்குக் கொடுங்கள். 65 வராமல் 913 அல்லது 1040 வந்தால், அதை அழித்துவிட்டு ஆங்கில விசைப்பலகையில் மறுபடி தட்டுங்கள். 65 வந்தால் அடுத்தடுத்த எழுத்துகளையும் இதே மாதிரி பாருங்கள். ‘ஈ’, ‘ஓ’, ‘பி’, ‘சி’ போன்றவற்றுக்கும் சிரிலிக்கில் இரட்டைகள் உண்டு.