நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு அரசு வேலை கிடைக்குமா?

அடிதடி வழக்கில் சிக்கிய உங்கள் தம்பியை அரசு வேலைக்கு நிராகரித்துவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றவாளி என்று தீர்ப்பானதாலேயே அவர் தானாகத் தகுதி இழந்துவிடுவதில்லை. கோர்ட் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958, பிரிவு 12 அவருக்குத்தான். பிரிவு 3 அல்லது 4-ன்படி விடப்பட்டவர்களுக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது.

பிறகு ஏன் நிராகரித்தார்கள்? போலீஸ் சரிபார்ப்பில் 'தண்டனை' என்று மட்டும் போயிருக்கலாம். அல்லது, விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா' என்ற கட்டத்தில் தம்பி 'இல்லை' என்று எழுதியிருக்கலாம். இதுதான் பெரிய சிக்கல். வழக்கை விட மறைத்ததைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சின்ன வழக்கு என்றால் மறைத்ததை மன்னிக்கலாம் என்று அவ்தார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது அதிகாரியின் விருப்பம்.

முதலில் கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'பிரிவு 4-ன் கீழ்' என்று இருக்கிறதா, வெறும் அபராதமா? அபராதம் கட்டி முடித்த கேஸ் என்றால் பிரிவு 12 உதவாது. 'பிரிவு 4' என்று இருந்தால் அந்த நகலோடு, பிரிவைக் குறிப்பிட்டு, மறுபரிசீலனை கேட்டு எழுத்தில் கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

ஒன்று: பிரிவு 12 குற்றவாளி என்ற தீர்ப்பையே அழித்துவிடாது, தகுதியிழப்பைத்தான் நீக்கும். பிணைக் காலத்தில் நிபந்தனையை மீறி அதே வழக்கில் பின்னால் தண்டனை வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மறுபரிசீலனையும் தள்ளுபடியானால் வக்கீல் வைத்து ஹைகோர்ட்டில் ரிட் (அரசின் முடிவை எதிர்க்கும் மனு) போடுவதுதான் வழி.