‘ஊரே நம்ம பக்கம்தான்’ என்று ஏன் தோன்றுகிறது? – கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, தேர்தல் வந்தால் எங்கள் தெருவில் இரண்டு கட்சிக்காரர்களும் ‘ஊரே நம்ம பக்கம்தான்’ என்கிறார்கள். இவர்களில் யார் பொய் சொல்கிறார்?

பதில்: இருவருமே நம்பித்தான் சொல்கிறார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் நம் இராதாபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் வெறும் 49 வாக்குகள். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அப்படிப்பட்ட தொகுதியில்கூட, சொந்தக்காரர், தொழில்கூட்டாளி, பக்கத்து வீட்டார் எல்லாரும் ஒரே கட்சியாக அமைந்துவிட்ட ஒருவருக்கு, ஏறக்குறைய அதே அளவு மக்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பது நம்பமுடியாத செய்தியாகவே இருக்கும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

பதில்: 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. விளம்பர அட்டையை உடம்பில் மாட்டிக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் அரை மணி நேரம் நடக்க இயலுமா என்று மாணவர்களிடம் கேட்டார்கள். இசைந்தவர்கள், மற்றவர்களில் 62 சதவீதம் பேர் தம்மைப் போலவே இசைவார்கள் என்று சராசரியாக மதிப்பிட்டார்கள். மறுத்தவர்களோ 67 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் நூற்றைத் தாண்டுகிறது. கட்சியும் கொடியும் இல்லாத ஓர் அட்டைக்கே இந்த நிலை.

கேள்வி (மேலப்பாளையம்): டீக்கடையில் தினமும் காதால் கேட்பதுகூடச் சாட்சி ஆகாதா?

பதில்: அங்கே பேசுகிறவரை விட்டுவிட்டுப் பேசாதவரைக் கவனியுங்கள். ஒருவர் பேப்பரை விரித்து உரக்க வாசிப்பார், இரண்டு பேர் ‘ஆமா, ஆமா’ என்பார்கள், மற்றவர்கள் டம்ளரைச் சுழற்றிச் சூடு ஆற்றியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாக்கி வரவேண்டிய கடைக்காரர் எல்லாருக்கும் ‘சரிதான்’ என்றுதான் சொல்வார். வாசித்தவர் கணக்கில் இவர்கள் அத்தனை பேரும் அவர் கட்சி. தம் கருத்து சிறுபான்மை என்று அஞ்சுகிறவர்கள் வாயடைத்துப் போவதால் எதிர்த்தரப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று ஜெர்மனியின் கருத்துக்கணிப்பு ஆய்வாளர் எலிசபெத் நோயல் நாய்மன் 1974-இல் விளக்கினார். இதோடு, வீட்டிலிருந்து பீடி சுற்றும் நம் ஊர்ப் பெண்களின் கருத்து அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்வதே அரிது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

கேள்வி (வள்ளியூர்): நிறையப் பேரிடம் கேட்டால் சரியாகிவிடுமே?

பதில்: ஆகாது. 1936-இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, அதிபர் தேர்தலில் லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்றது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலும் முகவரி எடுத்ததும், மெனக்கெட்டுப் பதில் போட்டவர்களை மட்டும் எண்ணியதும்தான் கோளாறு.

கேள்வி (நாங்குநேரி): அப்படியானால் ஜெயித்த கட்சியைப் பெரும்பான்மை என்று சொல்லலாம் அல்லவா?

பதில்: சட்டமன்ற இடங்களில் சொல்லலாம், வாக்குகளில் எப்போதும் சொல்ல இயலாது. பேரலை என்று இன்றும் பேசப்படும் 1967 தேர்தலில், தனிக்கட்சியாகப் பார்த்தால் தோற்ற காங்கிரஸ் பெற்ற சுமார் 41 சதவீத வாக்குகள், ஆட்சியைப் பிடித்த தி.மு.க. பெற்றதைவிடச் சற்றே அதிகம். தி.மு.க. கூட்டணிக் கட்சிகளுக்கு இடம் விட்டுக் குறைந்த தொகுதிகளில் நின்றது அதற்கு முக்கியக் காரணம்.